தொமோயேயின் முகத்துக்கு ஒரு லென்ஸ்

படத்தில் தொமோயேயின் இடது காது மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. மற்றபடி முகத்தைக் காணோம் என்றே சொல்லலாம்.

"ஒரு காதுக்கு இவ்வளவு பெரிய லென்ஸா?" என்று கேட்டாள் அவள்.

கணவர் குவாபாரா ரயில்வேயில் ஓய்வு பெற்ற கையோடு, பழைய ரேஞ்ச்ஃபைண்டர் காமிராவைத் தூசி தட்டி எடுத்திருந்தார். வருகிற திருமண நாளுக்குள் மனைவியை ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும், கூடத்தில் மாட்டியிருக்கும் கமகுரா படத்தைப் போல. அது கல்யாணமான புதிதில் கமகுரா கடற்கரையில் எடுத்தது. அதில் தொமோயேயின் முகம் மெல்லிய ஒளியில் மிதக்கும். எதையோ அடக்கிக்கொண்டு சிரிப்பாள். வீட்டுக்கு வந்தவர்களில் அந்தப் படத்தைப் பார்க்காமல் தப்பித்தவர் யாரும் இல்லை. அதை எடுத்த லென்ஸை வீடு வாங்கிய வருஷம் விற்றுவிட்டார். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"பேசாம ஸ்டூடியோவுக்குப் போயிடலாங்க. கமகுரா படத்தை எதுக்கு இப்போ இழுக்கிறீங்க?"

"ஸ்டூடியோக்காரனுக்கு உன் முகத்தைப் பத்தி என்ன தெரியும்?"

நகானோவில் பழைய காமிராக் கடை வைத்திருக்கும் நகுமோ, காதுப் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தொண்ணூறு எம்.எம். லென்ஸ் உங்களுக்கு அடங்கல ஐயா. இந்தக் காமிராவுல நீங்க லென்ஸ் வழியாவா பார்க்கிறீங்க? அதுக்குப் பக்கத்துல இருக்கிற குட்டி ஜன்னல் வழியாத்தானே! லென்ஸுக்கு முன்னாடி யானை நின்னாலும் உங்களுக்குத் தெரியாது."

"அப்ப இன்னும் நீளமானதாக் கொடுங்க."

"வேண்டாம்னா கேட்கவா போறீங்க?"

நூற்று முப்பத்தைந்து எம்.எம். லென்ஸுக்குக் காமிரா ஜன்னலில் தெரிந்த சட்டம் தபால்தலை அளவுதான். வாசலில் நின்ற தொமோயேயை அதற்குள் அடக்க குவாபாரா பின்னால் போனார். இன்னும் பின்னால் போனார். தெருவையும் தாண்டிப் போனார்.

"என் துணிக்கொடியில உங்களுக்கு என்ன வேலை?" என்று எதிர்வீட்டு மரூயாமா அம்மாள் கத்தினாள்.

"என் மனைவியைப் படம் எடுக்கிறேன்."

"அவங்க அங்க நிக்கிறாங்க. நீங்க ஏன் என் போர்வைக்குள்ள நிக்கிறீங்க?"

அன்று மாலை தொமோயே இனிப்புப் பெட்டியோடு போய், இடுப்பு வளைய மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

குவாபாரா அசரவில்லை. மறுபடி நகுமோ கடை. கண்ணாடி அலமாரியின் மூலையில் ஐம்பது எம்.எம். ஒன்று இருந்தது. அவர் விற்றது போலவே, அதே வகை, அதே வருஷத்து லென்ஸ்.

"இதேதான்! எல்லாம் இதோட வேலைதான்!" என்று குழந்தை மாதிரி அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அந்தப் படம்தான் எல்லாவற்றையும்விட மோசம். கூர்மைக்குக் குறையில்லை. தொமோயேயின் கன்னத்து மச்சம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் வந்திருந்தன. ஒளி மட்டும் வரவில்லை.

குவாபாரா கமகுரா படத்துக்குக் கீழே வெகுநேரம் நின்றார். பிறகு அடுக்களை வாசலுக்கு வந்தார். தொமோயே உருளைக்கிழங்கு கட்லெட் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"லென்ஸ் அதேதான். அப்ப கெட்டுப்போனது என் கண்ணுதான் தொமோயே. அன்னிக்கு உன்னைப் பார்த்த மாதிரி இப்ப எனக்குப் பார்க்கத் தெரியல."

தொமோயே அடுப்பை அணைத்தாள்.

"கமகுராவுல நாம இதே கட்லெட்தானே தின்னோம்?"

"ஆமா. காமிராவை உன்கிட்டக் கொடுத்துட்டு, நான் செருப்புல இருந்த மணலைத் தட்டினேன். அதுக்கப்புறம் எடுத்ததுதானே அந்தப் படம்!"

"சரி, இன்னும் ஒரே ஒரு தடவை எடுங்க. முதல்ல அந்த ஜன்னல் திரையை விலக்குங்க. காமிராவைக் கொடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

குவாபாரா திரையை விலக்கிவிட்டு வந்தார். காமிராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எதையோ அடக்கிக்கொண்டு சிரித்தாள். அவர் பித்தானை அழுத்தினார்.

படம் கழுவி வந்தது. அதே ஒளி, அதே சிரிப்பு. தலை மட்டும் நரைத்திருந்தது. கழுவிக் கொடுத்த கடையின் வாசலிலேயே குவாபாரா அழுதுவிட்டார்.

"என் கண்ணு கெடல, தொமோயே!"

"நான் எப்பவாவது கெட்டுப்போச்சுன்னு சொன்னேனா?"

அவளையும் இழுத்துக்கொண்டு நேரே நகுமோ கடைக்குப் போனார். மேஜைமேல் படத்தை வைத்தார். காமிராவையும் வைத்தார்.

"பார்த்தீங்களா? முகத்துக்கு எந்த லென்ஸ்னு தெரிஞ்சுக்க ஒரு ஆயுசு வேணும்!"

நகுமோ படத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். லென்ஸின் மூடியைக் கழற்றி, விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். தொமோயே சட்டென்று திரும்பி, சுவரில் தொங்கிய காமிரா வார்களை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"அருமையான லென்ஸ்தான் ஐயா" என்றார் நகுமோ. "ஆனா முன்கண்ணாடியில யாரோ பொம்பளையோட எண்ணெய் விரல் பட்டுத்தான் ஒளி இப்படிப் பரவியிருக்கு, கட்லெட் வாசனையோட. துடைச்சுத் தரட்டுமா?"