மல்லிகாவின் படகும் லெவலின் சந்தாவும்

ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை விழுங்கியதற்காகக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்து ஒட்டியவர் விழுப்புரம் மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான். உலகத்திலேயே ஒருவர்தான் என்றும் சொல்வேன். மறுப்பவர்கள் போஸ்டரோடு வரட்டும்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருடைய ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் லெவல். விழுப்புரம் ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் சாலையில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறினால் அவருடைய கேம் சென்டர். நான்கு டிவி, அவற்றில் மாட்டிய நான்கு கேம் பெட்டி, சுவர் முழுக்க கேம் டிஸ்குகள். படியேறி வருகிற யாரையும் அவர் "வாங்க" என்று சொன்னதில்லை. "எந்த லெவல்ல இருக்க?" என்பார். ரீடிங் எடுக்க வந்த மின்வாரிய ஊழியரையும் அப்படித்தான் கேட்டார். ஊழியர் தனக்குக் கிடைக்காத பதவி உயர்வைப் பற்றிப் பத்து நிமிடம் குமுறிவிட்டு, ரீடிங் எடுக்காமலே போய்விட்டார்.

எனக்கு வீடு திண்டிவனம், வேலை விழுப்புரம். அலுவலகம் முடிந்து ரயில் வரும்வரை கிடைக்கிற முக்கால் மணி நேரத்தை, தலை நரைக்கத் தொடங்கிய ஒருவன் எங்கே கொண்டுபோய் வைப்பான்? டீக்கடையில் வைக்கலாம். நூலகத்தில் வைக்கலாம். நான் லெவலின் கடையில் வைத்தேன். திரையில் கார் ஓட்டினேன், சுவரில் மோதினேன், எதிரே வந்த மலையில் மோதினேன், ரயிலை விட்டேன். மறுநாளும் போனேன்.

போஸ்டர் கதைக்கு வருகிறேன். லெவலுக்குப் பிடித்த ஒரு சின்னக் கம்பெனி, வெளிநாட்டில் எங்கேயோ இருபது பேர் உட்கார்ந்து விளையாட்டுகள் செய்த கம்பெனி. அதை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. வாங்கிய கையோடு மூடியது. லெவல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அச்சகத்துக்குப் போனார். கம்பெனியின் சின்னமான சிரிக்கும் ஆமையைப் படமாகக் கொடுத்தார்.

"வயசு இன்னா போடறது?" என்றார் அச்சகக்காரர்.

"பன்னெண்டு."

"அய்யய்யோ! சின்ன வயசாச்சே... எப்டி ஆச்சி?"

"பெரிய எடத்துல வாங்கினு போனாங்க. வெச்சிப் பாத்துக்குவாங்கன்னு நெனச்சோம்."

அச்சகக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று கேள்வி. மறுநாள் காலை ரயிலடிச் சுவரெல்லாம் சிரிக்கும் ஆமை. "எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டுச் சென்ற..." கீழே "வருந்தும்" என்று போட்டு லெவல் கேம் சென்டர் மற்றும் வாடிக்கையாளர்கள். வாடிக்கையாளர் என்ற முறையில் துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நானும் கைகூப்ப வேண்டியிருந்தது. வளவனூரிலிருந்து ஒரு பெரியவர் ஷேர் ஆட்டோ பிடித்து மாலையோடு வந்துவிட்டார். போஸ்டர் பார்த்தால் மாலை போடாமல் வீட்டுக்குப் போகிற பழக்கம் அவருக்கு இல்லை.

"பாடி எங்கப்பா?"

"வெளிநாட்ல இருக்குதுங்க."

"எப்ப கொண்டாறாங்க?"

"கொண்டாற மாட்டாங்க பெரியவரே. முழுங்கிட்டாங்க."

பெரியவர் இரும்புப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு சோடா வாங்கிக்கொடுத்து, கம்பெனி என்றால் என்ன, விழுங்குவது என்றால் என்ன என்று லெவல் விளக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் பெரியவர் மாலையை நீட்டி, "எது எப்டி இருந்தாலும் இருவது பேருக்கு வேல போச்சில்ல. யார்னா ஒருத்தருக்குப் போடு" என்றார். மாலை ஒரு வாரம் மூன்றாம் நம்பர் டிவியில் தொங்கியது.

அதற்குப் பிறகு அவர் போஸ்டர் அடிக்கவில்லை. அடிக்க ஆரம்பித்தால் ஊர்ச் சுவர் போதாது என்பது அவருக்கே தெரிந்தது. சின்னதைப் பெரியது வாங்கியது, பெரியதை அதைவிடப் பெரியது வாங்கியது. லெவல் இதை பஸ் கணக்கில் சொல்வார். "திண்டிவனம் ரூட்ல மூணு ஓனரு பஸ் ஓட்னாங்க சார். ஒண்ணுல பாட்டு நல்லா இருக்கும், ஒண்ணு ஸ்பீடு, ஒண்ணுல கண்டக்டரு சிரிப்பாரு. மூணையும் ஒருத்தர் வாங்கிட்டாரு. இப்ப பெயின்ட் ஒண்ணு, பாட்டும் ஒண்ணு. சிரிச்ச கண்டக்டர் எங்க சார்?"

ஆனால் அவருடைய முழுக் கோபமும் மாதச் சந்தாவின் மேல்தான். மாதாமாதம் பணம் கட்டினால் நூற்றுக்கணக்கான விளையாட்டுகள் வீட்டுக்கே வரும், டிஸ்க் வேண்டாம், கடை வேண்டாம் என்று ஆகியிருந்த காலம். நான்கு டிவியில் இரண்டு சும்மாவே கிடந்தன. லெவல் மிச்சமிருந்தவர்களுக்குப் பிரசங்கம் செய்வார். "நூறு இலை போட்டு நூறு சாப்பாடு வெப்பான். நீ சாம்பார் ஊத்திக்கினு இருக்கச்ச இலைய எடுத்துக்கினு போவான். கேட்டா, அது எங்க இலைம்பான். டிஸ்க்க கைல புடி. அது உன்னுது!"

இப்படி ஒரு பிரசங்கத்தின் நடுவில்தான் அவருடைய போன் சிணுங்கியது. கண்ணாடியைத் தேடிக் கிடைக்காமல், "ஈ.பி. பில்லான்னு பாருங்க சார்" என்று என்னிடம் நீட்டினார். நான் உரக்கப் படித்தேன். "உங்கள் இந்த மாத கேம் சந்தா புதுப்பிக்கப்பட்டது. நன்றி."

கடை டிவிகளில் துப்பாக்கிச் சத்தம் நின்றது.

லெவல் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இரும்புப் படிக்கு வந்தார். "ஜல்தியா அத டெலிட் பண்ணுங்க சார். மானம் போவுது."

"என்னண்ணே இது?"

"மல்லிகாவுக்கு சார். நான் டிஸ்க் மேல உக்காந்துட்டேன்."

மல்லிகா அவருடைய மனைவி. மரக்காணத்துப் பக்கம் கடலோரக் குப்பத்தில் பிறந்தவர். கட்டிக்கொண்டு வந்து இருபது வருடம் விழுப்புரத்தின் நடுவில், அலைச் சத்தமே இல்லாத தெருவில். மதியம் சாப்பாட்டு கேரியரோடு கடைக்கு வருவார். "இன்னாத்துக்கு சும்மா சுட்டுக்கினே கெடக்குறீங்க?" என்று எல்லோரையும் பொதுவாகத் திட்டுவார், போய்விடுவார். ஒருநாள் திரையில் ஒரு சின்னப் படகு. ஒரு பெண் தனியாக அதை ஓட்டித் தீவு தீவாகக் கடிதம் கொடுக்கிறாள். மல்லிகா கேரியரைக் கீழே வைத்தார்.

"அலைய சரியா போட்டுக்கிறான்" என்றார். உட்கார்ந்தார். அன்று லெவல் சாப்பிடும்போது மணி ஐந்து.

அந்த விளையாட்டைச் செய்த சின்னக் கம்பெனியையும் பெரிய கம்பெனி வாங்கியிருந்தது. டிஸ்க் போடுவதை நிறுத்திவிட்டார்கள். கடையில் இருந்த ஒரே டிஸ்க்கின் மேல் லெவல் உட்கார்ந்துவிட்டார். அது இரண்டாக உடைந்த அன்று மல்லிகா ஒரு வார்த்தை பேசவில்லையாம். "திட்டியிருந்தாக்கூட பரவால்ல சார்." சந்தா கட்டினால்தான் அந்தப் படகு திரும்ப வரும். கட்டினார், யாருக்கும் தெரியாமல். கடை சாத்திய பிறகு மல்லிகா முதலிலிருந்து ஆரம்பித்தார். கடைசிக் கடிதத்தைக் கொடுத்துப் படகைக் கரையில் ஏற்றினால் கதை முடியும். அந்தக் கடைசிக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடமாகக் கடலையே சுற்றிக்கொண்டிருந்தார். "கரை ஏத்திட்டா முடிஞ்சிடும்ல" என்பாராம்.

பிறகு அறிவிப்பு வந்தது. மாதக் கடைசி நாள் பகல் பன்னிரண்டு மணியோடு அந்த விளையாட்டு சேவையிலிருந்து விலகுகிறது. தனியாக விற்பனையும் இல்லை.

"வெலகுதாம் சார்! அதுவா வெலகுது? கழுத்தப் புடிச்சித் தள்றான்!"

அன்றைக்கென்று விழுப்புரத்தில் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை. கடை இன்வெர்ட்டர் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. முதல் நாளே முடித்துவிடலாமே என்றேன். மல்லிகா சம்மதிக்கவில்லை. கடைசி நாள்வரை படகு கடலில் இருக்க வேண்டும். லெவல் என்னைப் பார்த்தார். "சார், திண்டிவனத்துல கரண்டு இருக்கும்ல?"

காலை ரயிலில் வந்தார்கள். போர்வையில் சுற்றிய பெட்டியை லெவல் மடியிலேயே வைத்திருந்தாராம். பக்கத்தில் இருந்தவர் உள்ளே என்ன என்று கேட்டதற்கு, "கடல் இருக்குது. தள்ளி உக்காருங்க" என்றாராம். மல்லிகா என் மனைவி சுமதியிடம் எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை வேகவைத்துக் கொண்டுவந்த பையைக் கொடுத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க, ஒரு படகு இருக்கு, ஓட்டிட்டுப் போயிடறேன்" என்றார். சுமதி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடமில்லை.

பெட்டியை எங்கள் டிவியில் மாட்டினோம். இணையம் கொடுத்ததும் அது புதுப்பித்துக்கொள்ள ஆரம்பித்தது. மணி பத்து. இருபது சதவீதம். பத்தரை. நாற்பது. லெவல் வியர்த்து, பெட்டிக்கு விசிறிவிட்டார். பதினொன்று பத்துக்குக் கடல் வந்தது.

மல்லிகா ஓட்டினார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், படகை நிறுத்தினார்.

"ஏன் நிறுத்திட்ட? ஓட்டு மல்லி!"

"காத்து எதுர்ல கீது. இப்ப வுட்டா கவுந்துடும்."

"இது கேமு மல்லி!"

"யோவ், கடல் எனுக்குத் தெரியும். நீ கம்முனு உக்காரு."

இதற்குள் சுமதி சோபாவின் நுனிக்கு வந்திருந்தாள். "அவங்களுக்குத் தெரியாதா? நீங்க சும்மா இருங்கண்ணே" என்று லெவலை அதட்டினாள். பதினொன்று ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. லெவல் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு.

ஒன்றும் ஆகவில்லை. படகு அலையில் ஆடிக்கொண்டே இருந்தது.

லெவல் ஒரு கண்ணைத் திறந்தார். மெதுவாக விளங்கியது. "கேமத் தொறக்கச்சதான் சார் உள்ள வுடலாமான்னு பாக்குறான்! உள்ள இருக்கறவங்கள அவனால தள்ள முடியல! யாரும் பொட்டியத் தொடாதீங்க!"

காற்று திரும்பியது. மல்லிகா அவசரப்படவில்லை. எதிரில் சுமதி வைத்த சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு, மூன்று மணி வாக்கில் கடைசிக் கடிதத்தைக் கொடுத்தார், படகைக் கரையில் ஏற்றினார். திரையில் அதைச் செய்தவர்களின் பெயர்கள் ஏறத் தொடங்கின. லெவல் எழுந்து நின்றார். வாயில் நுழையாத அந்தப் பெயர்களைத் தப்பும் தவறுமாக, ஒன்று விடாமல் உரக்கப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. பெயர்கள் முடிந்த பின் மணலில் படகு மட்டும் இருந்தது.

ரயிலுக்கு நேரமானது. பெட்டியைப் பிடுங்கினால் படகு போய்விடும். லெவல் வாசலில் நின்று செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். "டிவிய அமத்திக்கோங்க சார். பொட்டி இருக்கட்டும். ரெண்டு நாள் கழிச்சி வந்து எடுத்துக்கறேன்."

இரண்டு நாள் வரவில்லை. நான்காம் நாள் காலை எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் ஏதோ வெடித்து, கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் லெவல் போன் செய்தார்.

"சார், படகு கரைலதான கீது? மல்லிகா கேக்குது."

"நான் எங்கய்யா கேட்டேன்?" என்று பின்னால் மல்லிகாவின் குரல்.

இருட்டான கூடத்தில் விளக்கணைந்து கிடந்த பெட்டியைப் பார்த்தேன். சுமதி என்னைப் பார்த்தாள். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இருக்குதுண்ணே. இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்" என்றாள். "அலை கொஞ்சம் கம்மியா இருக்கு."