பொட்டு வைத்த மாங்காயும் மாப்பிள்ளையின் நரம்பு வலையும்

முதலமடை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் அவர்களுக்கு மாமனார் அர்த்தநாரி எழுதுவது. இங்கு நாங்கள் நலம். கோவையில் நீங்களும் அனுப்பிரியாவும் நலமாக இருக்க வேண்டுகிறோம். போனில் பேசினால் மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடாத வார்த்தை வந்துவிடும் என்பதால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

மாங்காய் தரம் பிரிக்க நீங்கள் நம் ஷெட்டில் வைத்துவிட்டுப் போன எந்திரம் காலையிலிருந்து ஒரு காயைக்கூட நல்லது என்று சொல்லவில்லை. எதைக் காட்டினாலும் சிவப்பு விளக்கு. உள்ளே இருப்பது செயற்கை நரம்பு வலை, பேருக்குத்தான் மூளை, எல்லாம் கணக்கு, ஒரு முடிச்சு அடுத்த முடிச்சுக்கு எண்ணைத் தள்ளிவிடும், விடை தப்பினால் பழி பின்னோக்கிப் போய் ஒவ்வொரு முடிச்சும் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும் என்றீர்கள். எங்கள் பங்காளிகளிடமும் பழி அப்படித்தான் போகும், திருந்துவதுதான் கிடையாது என்பதால் நானும் மெச்சிக்கொண்டேன். இப்போது வியாபாரி தனபால் லாரியோடு நிற்கிறார். "ஏனுங்க, உங்க மாப்பிள்ளை எந்திரமே கழிச்சுப்போட்ட காயை நான் எப்படீங்க ஏத்தறது?" என்கிறார். இவர் போய்விட்டால் இந்த வெயிலுக்கு மொத்த விளைச்சலும் தரையிலேயே அழுகிவிடும்.

காரணம் இப்போதுதான் பிடிபட்டது. எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க நல்ல காய், கெட்ட காய் இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னீர்களே, உங்கள் அத்தை நாச்சம்மாள் முதல் பறிப்புக்குக் குங்குமப் பொட்டு வைக்காமல் யாரையும் தொடவிடமாட்டாள். நல்ல காயெல்லாம் பொட்டோடுதான் படத்தில் விழுந்தது. அழுகின காய்க்கு யார் பொட்டு வைப்பார்கள்? உங்கள் வலை மாங்காயைப் படிக்கவில்லை, பொட்டைப் படித்திருக்கிறது. இன்றைய பறிப்பில் பொட்டு ஏது? சந்தேகம் தீர, ஈ மொய்த்த சொத்தைக் காய் ஒன்றுக்குப் பொட்டு வைத்து நீட்டினேன். பச்சை விளக்கு. முதல் தரமாம்.

தனபாலிடம் சொன்னால், "கம்ப்யூட்டருங்க, அது பொய் சொல்லுமுங்களா?" என்று சிரிக்கிறார். ஆகவே கிடைத்த பஸ்ஸில் வந்து, அது தப்பு என்று உங்கள் வாயாலேயே அவரிடம் சொல்லிவிட்டு, எந்திரத்தையும் கையோடு எடுத்துப் போகுமாறு மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் இருவரும் எல்லா வளமும், என்னைவிடக் கொஞ்சம் நிதானமும் பெற்று வாழ ஆசீர்வதிக்கும்,
அர்த்தநாரி

பி.கு.: புறப்பட வேண்டாம். உங்கள் அத்தை, பறிப்புக்கு வந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு காய்க்கும் பொட்டு வைத்துவிட்டாள். எல்லாம் பச்சை. "இப்பத்தானுங்க எந்திரத்துக்குக் கண்ணு தெரிஞ்சுது" என்று தனபால் ஏற்றிக்கொண்டிருக்கிறார். ஒரு காயையாவது அறுத்து வாயில் போட்டுப் பாருங்கள் என்றேன். "எதுக்குங்க, அதுதான் சொல்லிப்போடுச்சே" என்கிறார். காய் நல்ல காய்தான், அதில் பொய்யில்லை. ஆனாலும் மாப்பிள்ளை, லாரி கொல்லங்கோடு தாண்டும்வரை அந்த வலைக்கு உண்மையைக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள்.