நண்டு தின்னாத கேசவன்

கேசவன் நண்டுக் குழம்பைத் தட்டோடு தள்ளி வைத்ததும் மனைவி அமுதவல்லிக்குக் கோபம் வந்தது.

"இன்னாய்யா, சேத்துல கை விட்டுத் தடவிப் புடிச்சது. வேணாமா?"

"மருத்துவ முகாம்ல நம்ம ரெண்டு பேருக்கும் எடுத்த ரத்த ரிசல்ட் வந்துடுச்சு. உனக்கு எல்லாம் நல்லா கீதாம். எனக்குத்தான் யூரிக் ஆசிட் ஏறிக்கீதாம். நண்டு, எறா தொடக்கூடாதாம்."

"தொடாம எப்டி? நம்ம பொழப்பே அதத் தொட்றதுதானே!"

பக்கத்து வீட்டு லோகேஷ் ஆறுதல் சொல்ல வந்தான். வந்தவன் சும்மா இருக்காமல் செல்போனில் தேடினான்.

"அண்ணே, இது ஏறுனா கேன்சர் வர்ற வாய்ப்பு ஜாஸ்தின்னு போட்டுக்கீறான்."

அன்றே கேசவன் மீனை விட்டான். பருப்பும் ஆகாது என்று யாரோ சொல்ல, அதையும் விட்டான். கஞ்சியும் மோரும் மிஞ்சின. உடம்பு பாதியானது. அதைப் பார்த்த ஊர், "ஆரம்பிச்சிடுச்சு" என்று முடிவு கட்டியது. கோட்டைக்குப்பத்துத் தங்கை வந்து, உயிரோடு இருப்பவன் எதிரிலேயே ஒப்பாரி வைத்துவிட்டுப் போனாள்.

சாவு பயம் கேசவனைப் பிடித்து ஆட்டியது. நண்டு தடவ ஏரியில் இறங்கினால் தலை சுற்றியது. அவன் வேலையையும் அமுதவல்லியே பார்த்தாள். அவன் பங்கு நண்டையும் அவளே தின்றாள்.

"வீணாக்க மனசு வரலைய்யா" என்று நண்டுக் காலைக் கடித்தபடியே அழுதாள்.

"நான் போய்ட்டா நீ இன்னா பண்ணுவே?"

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. இன்னொரு தபா ரத்தம் குடுத்துப் பாரு."

"நீயும் வாயேன்."

"கட்டவெரல் வீங்கிக் கெடக்குது. கிளிஞ்சல் குத்திச்சோ இன்னாவோ, கால ஊன முடியல."

கேசவன் தனியாகப் போய் ரத்தம் கொடுத்தான். ரிசல்ட்டைப் பார்த்த டாக்டர் அவனைத் திட்டித் தீர்த்தார்.

"உங்களுக்கு யூரிக் ஆசிட் சரியாத்தான் இருக்கு. ஏறினாலும் அது கேன்சர்னு அர்த்தமில்ல. விரல் மூட்டு வீங்கும், வலிக்கும்; மருந்து சாப்பிட்டு, வாயக் கட்டி, மூட்டையும் கிட்னியையும் பாத்துக்கணும், அவ்ளோதான். நீங்க பட்டினி கிடந்துதான் இப்படி ஆயிட்டீங்க. போய் நல்லா சாப்பிடுங்க."

கேசவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பிழைத்துவிட்டோம்! இனி அமுதவல்லியோடு உட்கார்ந்து வயிறார நண்டு தின்னலாம்.

ரத்தம் எடுத்த கையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுக்க வந்த நர்ஸ் அவனை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தாள்.

"அன்னிக்கு முகாம்ல, தண்ணி வத்துது, எறா தடவப் போணும்னு அவங்க டோக்கன உங்க கையில குடுத்து, உங்க டோக்கன வாங்கினு, உங்களுக்கு முன்னாடி ரத்தம் குடுத்துட்டு ஓடுனாங்களே உங்க வீட்டம்மா, அவங்க எப்டிண்ணே இருக்காங்க?"