ஒல்லாந்துப் பூவும் துருக்கித் தொப்பியும்

“நிக்காஹ் முடியிற வரைக்கும் இந்தத் தொப்பி என்ட தலையை விட்டு இறங்காது!”

கலந்தர் முதலாளி சபதம் போட்டார். போட்ட இடம் கிணற்றடி. இடுப்பிலே ஈரச் சாரம், கையிலே வாளி, தலையிலே சிவப்புத் துருக்கித் தொப்பி. கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட வந்த கிருஷ்ணம்மா திகைத்துப்போய் நின்றாள்.

“என்னங்க முதலாளி, தலையிலே காயமா?”

“காயமில்லே. காவல்.”

கிருஷ்ணம்மா ஈரச் சேலையை வாயிலே பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். சிரிக்கட்டும். அவளுக்கென்ன, அவள் வீட்டிலே மஸூதாவா இருக்கிறாள்?

மஸூதா கலந்தருடைய மனைவி. தொப்பிக்கு ஆபத்து அவளாலேதான். அவளுக்கும் தொப்பிக்கும் பகை இல்லை. வினை ஒரு கலண்டரால் வந்தது.

மாத்தளைக் கடைத்தெருவிலே கலந்தர் கொக்கோவும் ஏலமும் வாங்கி விற்கிறவர். கொழும்பிலே கொக்கோ எடுக்கிற கம்பெனிக்காரர்கள் அந்த வருஷம் ஒரு கலண்டர் கொடுத்தார்கள். ஒல்லாந்து தேசத்துப் படம். வரிசை வரிசையாகச் சிவப்புப் பூ, நடுவிலே நாலு கை விரித்த ஒரு கட்டடம். வீட்டுக்குக் கொண்டுவந்து விறாந்தையிலே மாட்டினார். மாட்டிய கை சும்மா இருந்ததா? வாய்தான் சும்மா இருந்ததா?

“இது என்ன பூங்க?” என்றாள் மஸூதா.

“டியூலிப். வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கிலே இருந்து முளைக்கிறது.”

“வெங்காயத்திலேயா? நானும் கலியாணம் கட்டின நாள்லே இருந்து வெங்காயம் உரிக்கிறேன். கண்ணீரைத் தவிர ஒண்ணும் முளைக்கல்லியே.”

“அது ஒல்லாந்து வெங்காயம்டி!”

“இந்தக் கை வச்ச வீடு?”

“காத்தாடி. காத்து அடிச்சா கை சுத்தும். கை சுத்தினா உள்ளே மாவு அரையும்.”

“வீடே மா அரைச்சுத் தாற ஊரா? நல்ல ஊர்தான்,” என்று மஸூதா கலண்டரை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

அன்றைக்கே அதைக் கழற்றி அடுப்பிலே போட்டிருக்க வேண்டும். யாருக்குத் தெரியும்?

மகள் ஹிதாயாவுக்கு இரத்தோட்டை ஜைனுதீன் ஹாஜியாரின் மகன் ஜவாஹிரைப் பேசி முடித்திருந்தது. நிக்காஹ் வீட்டிலேயே. நிக்காஹ் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் அறை பார்க்க வருவார்கள். அறை என்றால் என்ன, கட்டில். கட்டில் என்றால் என்ன, மேலே விரித்திருக்கிற விரிப்பு. அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பெண் வீட்டைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள். அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம் அது. வெல்வெட்டு என்று கேட்டால் கடைக்காரன் மேலேயும் கீழேயும் பார்ப்பான். கலந்தரும் கையை விரித்துவிட்டார்.

“சரி, நானே ஒட்டுப் போர்வை தைக்கிறேன். இந்தக் கலண்டர் மாதிரியே,” என்றாள் மஸூதா.

அதோடு வீட்டிலே துணி என்று ஒன்று நிம்மதியாகக் கிடக்கவில்லை. ஜன்னல் திரை இலையாகிப் போனது. நீலத் தலையணை உறை வானமாகிப் போனது. கலந்தருடைய வெள்ளை லேஞ்சியெல்லாம் மேகமாகிப் போனது. தும்மல் வந்தால் துடைக்க ஒரு துண்டு இல்லை. “லேஞ்சி எங்கேடி?” என்று கேட்டால், “அன்னா, வானத்திலே,” என்று பதில் வரும். எல்லாவற்றையும் பொறுத்தார். மகளுக்காகத்தானே.

ஆனால் நிக்காஹுக்கு முந்திய திங்கட்கிழமை, ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டே மஸூதா சொன்னாள்:

“ஒரு பூவுக்குச் சிவப்பு குறையுதுங்க.”

சொல்லிவிட்டு ஆணியைப் பார்த்தாள். ஆணியிலே தொப்பி. தொப்பியின் நிறம் சிவப்பு. கலந்தர் பிய்த்த ரொட்டியைக் கீழே வைத்தார்.

அவள் எழுந்து போய்த் தொப்பியை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்தாள். கலண்டரைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். கவிழ்த்துப் பிடித்த தொப்பி அச்சுக் குத்தின மாதிரி அந்தப் பூவேதான். கறுப்புக் குஞ்சம் தண்டு மாதிரி தொங்கியது.

“வைடி கீழே!”

“பார்த்தேன். பார்க்கவும் கூடாதா? எங்கட வாப்பா தந்த தொப்பிதானே.”

அதுதான் வம்பு. மாமனார் தந்த தொப்பி. உரிமைக்காரி கையிலே கத்திரி. இனி என்ன நடக்கும் என்று கேட்கவும் வேண்டுமா?

கலந்தர் அவ்வளவு பயப்படக் காரணம் இருக்கிறது. பெண்ணின் வாப்பா என்ற முறையிலே அவர்தான் நிக்காஹ் ஓதி வைக்கிற லெப்பைக்கு முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுக்க வேண்டும். எதிரே ஜைனுதீன் ஹாஜியார் உட்கார்ந்திருப்பார். ஹாஜியாரின் தொப்பி ஒரு சுருக்கம் இல்லாமல், விறைப்பாக, குஞ்சம் காதோரம் ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு முன்னால் மொட்டைத் தலையோடு உட்காருவதா? இரத்தோட்டை பஸ்ஸிலே ஏறுகிறவன் இறங்குகிறவனெல்லாம் சொல்லிச் சிரிப்பானே!

தொப்பிக்குக் கீழே போடுகிற கோட்டைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கறுப்பு அல்பக்காக் கோட்டு. அவருடைய வாப்பா கொழும்பிலே தைப்பித்துக் கொடுத்தது. அவருடைய நிக்காஹுக்கும் போட்டது அதுதான். போன பெருநாள் தொழுகையிலே துஆவுக்குக் கையைத் தூக்கியபோது கமுக்கட்டிலே ‘சர்’ரென்று ஒரு சத்தம் வந்தது உண்மைதான். யாருக்கும் கேட்கவில்லை என்பது அவர் முடிவு. “புதுசு ஒண்ணு தைங்களேன்,” என்று மஸூதா எத்தனையோ தரம் கெஞ்சிவிட்டாள். “வாப்பாட கோட்டு இல்லாம நான் சபையிலே உட்கார மாட்டேன்!” என்று அத்தனை தரமும் முறித்துவிட்டார். அது பாட்டுக்கு அலுமாரியிலே தொங்கட்டும். கறுப்பிலே பூ பூக்குமா?

ஆகவே காவல் தொப்பிக்கு. சாப்பிடும்போது தலையிலே. கணக்குப் பார்க்கும்போது தலையிலே. பகல் தூக்கத்திலே நெஞ்சின் மேல், இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு. அடுத்த அறையிலே ‘கரக், கரக்’ என்று கத்திரிச் சத்தம் கேட்டால் எழும்பி உட்காருவார். மடியிலே கனம் இருந்தால் வழியிலே பயம். தலையிலே கனம் இருந்தால் வீடெல்லாம் பயம்.

மஸூதாவோ ஊசி கோத்தாள். தைத்தாள். இடைக்கிடை நிமிர்ந்து தொப்பியைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். மறுபடி குனிந்தாள். அவர் எட்டிப் பார்த்தால் போர்வையின் மேல்மடிப்பு தெரியும். எல்லாம் பூ. நடுவிலே ஒரே ஒரு பூவுக்கான இடம் வெறுமையாக, வாயைத் திறந்துகொண்டு கிடக்கும்.

புதன்கிழமை தாங்கவில்லை. பக்கத்துக் கடைத் தையல்கார அப்துல் ஸமதிடம் ஓடினார். சின்ன வயதுக் கூட்டாளி. அவரிடம் சொன்னால் ரகசியம் வெளியே போகாது என்ற நம்பிக்கை.

“மச்சான், என்ட தொப்பியைக் காப்பாத்து!”

கதையை முழுக்கக் கேட்டுவிட்டு ஸமத் தாடியைத் தடவினார்.

“கண்ணாடி அலுமாரியிலே வச்சுப் பூட்டுறேன். சாவி உன்ட இடுப்பு வாரிலே இருக்கட்டும்.”

“நல்லம். நிக்காஹ் அன்னைக்கு? சபையிலே இருந்து எழும்பின உடனே கழட்டுவேனே, அப்ப பறிச்சா?”

“சட்டைக்குள்ள ஒரு கள்ளப் பை வச்சுத் தாறேன். கழட்டின உடனே உள்ளே போட்டுக்க. நில்லு, அளவு எடுக்கணும்.”

ஸமத் நாடாவை எடுத்தார். தோள் அளந்தார். நெஞ்சைச் சுற்றி அளந்தார். முதுகு அளந்தார். கையை நீட்டச் சொல்லி மணிக்கட்டு வரை அளந்தார்.

“தொப்பி வைக்கிற பைக்கு என்னத்துக்குடா கையளவு?”

“கை எட்டுற இடத்திலேதானே பை வைக்கணும்?”

நியாயமாகத்தான் பட்டது. இப்படி ஒரு மூளைக்காரன் தனக்குக் கூட்டாளியாக வாய்த்ததற்கு அல்ஹம்துலில்லாஹ் சொன்னார் கலந்தர்.

வெற்றுத் தலையோடு வீட்டுக்கு வந்தார். மஸூதா தலையைப் பார்த்தாள். ஆணியைப் பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பையைக் கையிலே கொடுத்தாள்.

“தொப்பி?”

“உனக்கு எட்டாத இடத்திலே.”

அவள் முகம் வாடிப்போனது. அப்படி வாடியதைப் பார்த்ததும் கலந்தருக்கு மனம் கேட்கவில்லை. ஜெயித்தவனுக்கு வருமே ஒரு தாராளம், அது வந்துவிட்டது.

“அழாதேடி. தொப்பியை மட்டும் விட்டிரு. வேற இந்த வீட்டிலே என்ட உடுப்பு எதை வேணும்னாலும் எடுத்துக்க.”

“எதை வேணும்னாலுமா?”

“எதை வேணும்னாலும்!”

“பிறகு பேச்சு மாறக்கூடாது.”

“கலந்தர் பேச்சு மாறினதா மாத்தளையிலே யாராவது சொல்லட்டும் பார்ப்போம்!”

“ஹிதாயா, உங்கட வாப்பா சொன்னதைக் கேட்டுக்கிட்டியா?”

“கேட்டேன் உம்மா,” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. குரலிலே ஏதோ ஒரு சிரிப்பு. கலியாணப் பெண், சிரிக்கத்தான் செய்வாள் என்று அவர் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முற்றத்திலே பந்தல். அடுப்படியிலே பிரியாணித் தேக்சா. கலந்தர் முதல் வேலையாகச் சாவியோடு ஸமதின் கடைக்கு ஓடி, கண்ணாடி அலுமாரியைத் திறந்து, தொப்பியை இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தார். ஒரு நூல் பிசகவில்லை. குஞ்சம் பத்திரம். தலையிலே வைத்துக்கொண்டு தெருவிலே நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே! மஸூதாவை ஜெயித்த முதல் ஆம்பிளை அவர்தான்.

வீட்டுக்கு வந்து புதுச் சாரம் கட்டினார். சட்டை போட்டார். அலுமாரியைத் திறந்தார்.

கோட்டு மாட்டுகிற கொக்கி இருந்தது. கோட்டு இல்லை.

கதவுக்குப் பின்னால் பார்த்தார். பெட்டியைக் கவிழ்த்தார். கட்டிலுக்கடியிலே தொப்பியோடு தவழ்ந்தார். தெருமுனையிலே கார் ஹோர்ன் கேட்டது. “மாப்பிள்ளை வாராங்க!” என்று யாரோ கத்தினார்கள். கலந்தருக்கு வியர்த்துக் கொட்டியது.

“மஸூதா! என்ட கோட்டு!”

மஸூதா நிலையிலே வந்து நின்றாள். பட்டுச் சேலை, தலையிலே முக்காடு, முகத்திலே ஒரு குற்றமும் இல்லை.

“எதை வேணும்னாலும் எடுத்துக்கன்னு சொன்னீங்களே.”

“அடிப் பாவி! அது கறுப்புடி! கறுப்பிலே எந்தப் பூடி பூக்கும்?”

“பூவுக்கு யார் எடுத்தா?”

கலந்தர் அப்படியே கட்டிலிலே உட்கார்ந்துவிட்டார். வெளியே ஸலாம் சொல்லும் சத்தம், செருப்புக் கழற்றும் சத்தம், ஜைனுதீன் ஹாஜியாரின் கனைப்பு. மகளின் நிக்காஹிலே, சம்பந்தி முன்னாலே, தலையிலே ராஜா, இடுப்புக்கு மேலே சுமைகூலிக்காரன் மாதிரி உட்காரப் போகிறார். கண் கலங்கிவிட்டது அந்த மனுஷனுக்கு.

அப்போது பின்வாசலாலே அப்துல் ஸமத் வந்தார். கையிலே காகிதப் பார்சல். பிரித்தார். வெள்ளை ட்ரில் துணியிலே ஒரு புதுக் கோட்டு, மடிப்புக் கலையாமல்.

“கையை நீட்டு மச்சான்.”

நீட்டினார். தோள் சரி. நெஞ்சு சரி. கை மணிக்கட்டிலே வந்து நின்றது. உள்ளே கையை விட்டார். இடது பக்கம் ஒரு பை. அகலமான பை. ஒரு தொப்பி வைக்கிற அளவு.

“துரோகி,” என்றார் கலந்தர்.

“கள்ளப் பை வச்சுத் தாறேன்னு சொன்னேன். வச்சிருக்கேனே,” என்றார் ஸமத்.

பேச நேரமில்லை. சபைக்குப் போனார். லெப்பைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஜவாஹிரின் கையைப் பிடித்து மகளை ஒப்புக்கொடுத்தார். துஆவுக்குக் கையைத் தூக்கும்போது பழக்க தோஷத்திலே மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு சத்தமும் வரவில்லை. ஆமீன்!

பிறகு அறை பார்க்க வந்தார்கள். ஹாஜியாரின் மனைவி நாச்சியா முதலில் நுழைந்தார். நுழைந்தவர் வாயிலே கை வைத்தார். கட்டில் நிறைய ஒல்லாந்து தேசம். சிவப்புப் பூ வரிசை வரிசையாக. மேலே லேஞ்சி மேகம். நடுவிலே, கம்பீரமாக, கறுப்பு அல்பக்காக் காத்தாடி. முதுகுத் துணி கட்டடம். கைத் துணி நாலாகக் கிழிந்து நாலு கை. பித்தளைப் பொத்தான்கள் ஜன்னல். கோட்டுப் பையை அப்படியே வைத்துத் தைத்துக் கதவாக்கியிருந்தாள் மஸூதா.

“மாஷா அல்லாஹ்! இந்தக் கதவு திறக்குமா?” என்று ஜைனுதீன் ஹாஜியார் பைக்குள்ளே விரலை விட்டார். விரலோடு ஒரு ஏலக்காய் வெளியே வந்தது. கலந்தர் கோட்டுப் பையிலே வாசத்துக்கு எப்போதும் போட்டு வைக்கிற ஏலக்காய்.

எல்லாரும் சிரித்தார்கள். ஹாஜியார் மட்டும் கலந்தரின் காதோரம் குனிந்தார்.

“நல்ல காத்தாடி, சம்பந்தி. போன பெருநாள் தொழுகைக்கு மாத்தளைக்குத்தான் வந்தேன், உங்கட பின் வரிசையிலே இருந்தேன். அன்னைக்கே கமுக்கட்டுப் பக்கம் நல்லாக் காத்து அடிச்சிச்சு.”

கலந்தருக்கு முகம் தொப்பியின் நிறத்துக்கு வந்தது. அப்படியென்றால் கேட்டிருக்கிறது. அந்த வீட்டுப் பெண்கள் வரைக்கும் போயிருக்கிறது. அங்கிருந்து மஸூதாவின் காதுக்கும் வந்திருக்கிறது.

விருந்தினர் சாப்பாட்டுக்கு நகர்ந்ததும் அவளை நிலையிலே மறித்தார்.

“அப்ப அந்தக் குறைஞ்ச பூ?”

மஸூதா போர்வையின் நடுப் பூவைக் காட்டினாள். “என்ட கூறைச் சேலை முந்தானை. முதல் நாளே எடுத்து வச்சிட்டேன்.”

காத்தாடியின் காலடியிலே அந்தப் பூ நின்றது. கலந்தர் கோபத்தை எங்கே வைத்தோம் என்று தேடினார். கிடைக்கவில்லை.

“பிறகு என்னத்துக்குடி ஒரு கிழமையா என்ட தொப்பியையே பார்த்துக்கிட்டு இருந்தே?”

மஸூதா அவருடைய புதுக் கோட்டின் கழுத்தை இழுத்துச் சரி செய்தாள்.

“நான் அலுமாரிப் பக்கம் போய்வர, நீங்க காவல் காக்க வேற ஒண்ணு வேணுமேங்க.”