அடுப்படியை டேக் ஓவர் செய்தவர்

சோப்புக் கம்பெனி ஸ்டோர்கீப்பர் அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். கம்பெனியை ஒரு பெரிய முதலாளி வாங்கிவிட்டார். அதை மீட்டிங்கில் ‘டேக் ஓவர்’ என்றார்கள். கேட்ட நிமிஷத்திலிருந்து அந்த வார்த்தைமேல் அவருக்குக் காதல். காரணம், உருளைக்கிழங்கு வறுவல். டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னாலும் சொன்னார், மனைவி வறுவலைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. கெஞ்சினார், கோபித்தார், ஒன்றும் பலிக்கவில்லை.

“நாளைலேர்ந்து சமையலறைய நான் டேக் ஓவர் பண்றேன்.”

“அப்படின்னா?” என்றாள் மனைவி, காய் நறுக்கியபடியே.

“மொத்தப் பொறுப்பும் என் கைக்கு வந்துடும். என்ன சமைக்கணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். யாரும் குறுக்கே வரக் கூடாது.”

“சரிங்க. பழைய முதலாளி என்ன செய்வாரு?”

“அவருக்கென்ன! கால் மேல கால் போட்டு உக்காந்திருப்பார்.”

“அவரு யாருக்காவது வாக்கு குடுத்திருந்தா?”

“அதையெல்லாம் புது முதலாளிதான் முடிச்சுக் குடுக்கணும். அதான் முறை!”

மீட்டிங்கில் கேட்டதை அப்படியே ஒப்பித்தார். மனிதருக்கு நாக்கில் சனி.

“எவ்வளவு விவரமா சொல்றீங்க!” என்று மெச்சி, கத்தியை அவர் கையில் கொடுத்தாள் அம்மணி. ஸ்டோர்கீப்பர் பூரித்துப்போனார்.

மறுநாள் விடுமுறை. கடையிலிருந்து பை நிறைய உருளைக்கிழங்கோடு திரும்பினார். ஹாலில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள் அம்மணி.

“என் தங்கச்சி வீட்டுல மதியம் சாப்பிட வராங்க. பழைய முதலாளி குடுத்த வாக்கு.”

“எத்தனை பேரு?”

“அவ மாமனார் மாமியாரோட சேத்து எட்டு பேரு.”

“ஐயோ! நீயும் கொஞ்சம் கை குடேன்.”

“குறுக்கே வரக் கூடாதுன்னீங்களே?”

தோல் சீவினார், நறுக்கினார், வறுத்தார். கண்ணில் பாதி எண்ணெய்ப் புகை, மீதி கண்ணீர். பந்தி பரிமாறியதும் அவர்தான்.

“அத்தான், வறுவல் பிரமாதம்! இன்னும் கொஞ்சம்” என்று மச்சினி நீட்டிய தட்டோடு வாணலி காலியானது. எல்லோரும் வயிற்றைத் தடவிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். புது முதலாளி வாணலிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை. அழுகையே வந்துவிட்டது.

“பசியோட இருப்பீங்க, வாங்க. உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருக்கேன்.”

என்ன இருந்தாலும் கட்டியவள் கட்டியவள்தான்! ஆசையாய் மூடியைத் திறந்தார். வேகவைத்த பீன்ஸ்.

“இதை எப்போ செஞ்சே?”

“நீங்க கடைக்குப் போயிருந்தப்போ.”

“சமையலறையத்தான் நான் டேக் ஓவர் பண்ணிட்டேனே!”

அம்மணி அவர் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

“சமையலறைய நீங்களே வெச்சுக்கோங்க. உங்களை நான் கல்யாணத்தன்னிக்கே டேக் ஓவர் பண்ணியாச்சு. சாப்பிடுங்க.”