மாப்பிள்ளை எடைக்கு ஒரு ஜீப்

லிந்துலை,
மாசி மாதம், மழை விட்ட ஒரு காலை.

கட்டாரில் இருக்கும் என் மதிப்புக்குரிய மாப்பிள்ளை கஜேந்திரன் அவர்களுக்கு, தேயிலைத் தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்காக இருந்து ஓய்வுபெற்றவனும் உங்கள் மாமனாருமாகிய கந்தப்பன் எழுதுவது. இங்கே நான் சுகம், மகள் சுதர்ஷினி சுகம், பேத்தி லோஜினி சுகம். உங்கள் மாமி பட்டிப்பொலவில் தன் தங்கை வீட்டில் சுகம். ஜீப் வேலை முடிந்த பிறகுதான் இந்த வீட்டுப் படி ஏறுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வெயிலில் நீங்களும் சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். சுகம் விசாரிக்க மிச்சமிருப்பது, லோஜினியின் ஆறாவது பிறந்தநாளுக்கு நீங்கள் கார்கோவில் அனுப்பிய சிவப்பு பேட்டரி ஜீப் ஒன்றுதான். அதைப் பற்றி மற்றவர்கள் வாயால் நீங்கள் கேள்விப்படும் முன் நானே எழுதிவிடுவது மரியாதை. போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் பாதி சொல்லும்போதே உங்கள் மனைவி மீதியைச் சொல்லிவிடுகிறாள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். ஜீப் கெட்டதற்கு நான் காரணம் இல்லை. வந்த அன்றே பொலித்தீன் உறையோடு டிவிக்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலே ஒரு மேசை விரிப்பையும் போட்டு, குழந்தை கை படாமல் ஐந்து மாதம் அதைப் பாதுகாத்தவன் நான். ஒரு கீறல் இருந்தால் கேளுங்கள். விருந்தாளிகள் வந்தால் விரிப்பைத் தூக்கிக் காட்டுவேன். பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். லோஜினி மட்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தப் பொலித்தீன் மேலேயே ஏறி உட்கார்ந்து வாயால் ஓட்டிக்கொண்டிருப்பாள். நீங்கள் சித்திரைக்கு லீவில் வருகிறீர்கள் என்று தெரிந்த நாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது. "அப்பா வர்றப்ப நான்தான் ஜீப்புல போயி கூட்டிட்டு வருவேன் தாத்தா," என்றாள். சரி என்று உறையைப் பிரித்துச் சாவியைத் திருப்பினால் ஜீப் அசையவில்லை. பேட்டரி செத்திருந்தது. சும்மா வைத்திருந்தாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடவேண்டும் என்று பெட்டியில் எழுதியிருந்ததாம். பெட்டியை நான் ஜீப்பைவிடப் பத்திரமாகக் கூரைக்குக் கீழ் அட்டாலையில் வைத்திருந்தேன்.

நம் ரோடு உங்களுக்குத் தெரியாததில்லை. நானுஓயா ஸ்டேஷனில் இறங்கி வேன் பிடித்தால், அது பெரிய ரோடு வளையும் முடக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து வீடு வரைக்கும் ஏற்றம். தோட்டத்துத் துரையின் பங்களா வரை காப்பெட் தார் போட்டிருக்கிறது. பங்களா கேட்டைத் தாண்டியதும் ரோடு நம்முடையதாகிவிடுகிறது. தேர்தலுக்குத் தேர்தல் ஒரு லொறி கல்லைக் கொட்டி, மாலை போட்டு, படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மழையில் கல் பெரிய ரோட்டுக்கு இறங்கிவிடும், படம் மட்டும் மிஞ்சும். ஆட்டோக்காரர்கள் முடக்கிலேயே கும்பிடு போட்டுவிடுகிறார்கள். இப்படிப்பட்ட ரோட்டில் வெளிநாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வரவேண்டும் என்றால் ஜீப்பை அப்படியே விடமுடியுமா? குழந்தை ஆசைப்பட்டுவிட்டாள், அதை நிறைவேற்றுவது பெரியவன் கடமை. அன்றே டவுனில் ஆட்டோ திருத்தும் ரிஸ்வியை வரச்சொன்னேன்.

ரிஸ்வி கெட்டிக்காரன், ஆனால் நேரம் தெரியாதவன். காலையில் முற்றத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெரட்டு வைத்து, இன்றைய வேலை இன்னது என்று எல்லாருக்கும் சொல்லி ஆரம்பிப்பது என் வழக்கம். எல்லாரும் என்றால் நானும் லோஜினியும்தான். அவன் வெயில் ஏறித்தான் வருவான். முதல் நாளே அவனுக்கு அரைப்பேர் போட்டேன். "கண்டாக்கையா, கடைய மூடிட்டு ஒங்களுக்காக வந்திருக்கேன். எனக்கே அரைநாள் வெட்டுறீங்களா? நீங்க இன்னும் சம்பளமே பேசலையே!" என்று சிரிக்கிறான். ஒழுங்கு என்றால் என்ன என்று இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது, விடுங்கள். முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் பேட்டரியைப் போட்டான். ஜீப் முற்றத்தை அழகாகச் சுற்றி வந்தது. லோஜினி கைதட்டிக்கொண்டு ஏறப் போனாள். அப்போதே விட்டிருக்கலாம் என்கிறாள் சுதர்ஷினி. அவள் அப்படித்தான் சொல்வாள். நான், "இரு கண்ணு, இன்னும் முடியல," என்று குழந்தையை இறக்கிவிட்டேன். ஏற்றத்துக்கு இது காணாது என்று ஆட்டோ பேட்டரி போட்டோம். அதுவும் காணாது என்று இன்னொன்றையும் சேர்த்தோம். அந்தப் பலத்தில் உள்ளேயிருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் அப்பளம்போல நொறுங்கிவிட்டது. அதனால் பழைய எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார் ஒன்றை ரிஸ்வி எங்கிருந்தோ கொண்டுவந்து பூட்டினான். சக்கரம் ஈரத்தில் வழுக்குகிறது என்று டயரை வெட்டி ஆணி அடித்தோம். எல்லாம் நன்றாக அமைந்தது. ஒரே ஒரு சிறு குறை, இரண்டாவது பேட்டரி வைத்த இடம்தான் லோஜினியின் சீட். "தாத்தா, நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதை அடுத்த வார வேலையில் சேர்த்திருக்கிறேன்.

ஹார்ன் விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரட்டைப் பேட்டரியின் சூட்டில் ஜீப்பிலிருந்த பிறந்தநாள் பாட்டு கருகிவிட்டது. முடக்கு ரோட்டில் ஹார்ன் இல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது என்றேன். ரிஸ்வி உடனே, ஓடாமல் கிடந்த ஒரு சூன் பாண் ஆட்டோவின் பாட்டுப் பெட்டியைக் கழற்றிவந்து பூட்டிவிட்டான். வீடு வீடாகப் பேக்கரிப் பாண் விற்க வருகிறவர்கள் போடுவார்களே, அதே பாட்டு. சோதனைக்காக ஒரு சாயந்தரம் அழுத்திப் பார்த்தேன். தொழிலாளர் வீடுகளான மேல் லயம், கீழ் லயம் இரண்டும் பையும் காசும் கைக்குழந்தையுமாக ஓடிவந்து நின்றன. ரோடு கெட்டதிலிருந்து பாண் ஆட்டோ மேலே வருவதில்லை அல்லவா, ரோடு போட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார்கள், பாவம். "பாண் எங்க கண்டாக்கையா?" என்றார்கள். பாண் இல்லை என்றேன். "பின்ன எதுக்கு பாட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து என்னைப் பாண் கண்டாக்கு என்கிறார்கள். முதுகுக்குப் பின்னால்தான், முகத்துக்கு நேரே இன்னும் மரியாதை இருக்கிறது.

அடுத்தது எடை. உங்கள் எடை எவ்வளவு என்று சுதர்ஷினியிடம் கேட்டேன். எண்பது கிலோ என்றாள். கைப்பழக்கத்தில் சாக்குக்கு இரண்டு, ஈரத்துக்கு நான்கு கழித்து எழுபத்துநான்கு என்று எழுதிக்கொண்டேன். முப்பது வருஷம் மடுவக் கொட்டகையில் நின்று பெண்கள் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்த கை இது. நிர்வாகம் சொல்லிக்கொடுத்த கணக்கு, பிழை வராது. சுதர்ஷினி எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, அவரு பாலைவனத்துல காஞ்சு போயிக் கெடக்காரு. அவருக்குப் போயி ஈரம்னு என்னத்தக் கழிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. எனக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது. ஆனாலும் எழுதியதை அழிப்பது என் வழக்கம் இல்லை. அரிசி மூட்டையும் மாவுப் பையுமாக எழுபத்துநான்கு கிலோவை நிறுத்து, ஜீப்பில் வைத்துக் கட்டி, நீங்கள் விட்டுப்போன நீல ஸ்வெட்டரை அதற்கு மாட்டினேன். பெடலைக் கயிற்றால் இறுக்கிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான் பக்கத்தில் நடந்தேன். முக்கி முனகி, முடக்கிலிருந்து வீடு வரை ஏறி வந்துவிட்டது மாப்பிள்ளை! லோஜினி வழி முழுக்க அந்த ஸ்வெட்டரின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள்.

அத்தோடு நிறுத்த விட்டார்களா? ரோட்டோரத்தில்தான் மடுவம். கொழுந்து நிறுக்கக் காத்திருந்த ஜீவராணி, என் காலத்திலேயே வாய் அடங்காதவள், "மூட்டை ஏறிருச்சு சரி, ஆளு ஏறுமா கண்டாக்கையா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி கத்தினாள். என் கணக்கில் நானும் நீங்களும் ஒரே எடை. ஆகவே மூட்டைகளை இறக்கிவிட்டு, முடக்குக்குத் திரும்பக் கொண்டுபோய், நானே ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. ஜீப் கிளம்பியது, மடுவத்தைத் தாண்டியது, நான் ஜீவராணியைப் பார்த்துக் கையும் காட்டினேன். கோயில் மேட்டில் போய் நின்றது. கொஞ்சம் யோசித்தது. பிறகு பின்னால் போகத் தொடங்கியது. இத்தனை வேலை செய்த ரிஸ்வியும் நானும் பிரேக் என்று ஒன்றை நினைக்கவேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பதற்றத்தில் கையில் கிடைத்ததை அழுத்தினேன். அது ஹார்ன். பாண் பாட்டு முழங்க, முதுகைக் காட்டிக்கொண்டு மடுவத்துக்குள் நுழைந்து கொழுந்துச் சாக்குகளின் மேல் விழுந்தேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் ஜீவராணியும் இன்னும் இரண்டு பேரும் என்னைத் தூக்கி நேராகத் தராசில் நிறுத்திவிட்டார்கள். "எம்பத்தாறு!" என்று ஒருத்தி வாசித்தாள். "சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு நாலு கழிச்சுப் போடுங்கடி! கண்டாக்கையா எம்பதுதான்!" என்றாள் ஜீவராணி. முப்பது வருஷம் அந்த மடுவத்தில் நின்றிருக்கிறேன் மாப்பிள்ளை. அங்கே யாரும் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆக, ஜீப்பில் குறை இல்லை. எழுபத்துநான்கு கிலோவை அது குறையில்லாமல் இழுக்கிறது, கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். குறை உங்கள் பக்கம்தான் இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயதில் பெரியவன் என்ற உரிமையில் ஒரே ஒரு வேண்டுகோள்: சித்திரைக்குள் ஆறு கிலோ குறைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ராத்திரியில் சோற்றை விட்டுவிட்டு ரொட்டி சாப்பிட்டுப் பாருங்கள். குழந்தை முடக்கில் ஜீப்போடு காத்து நிற்பாள், அவள் முகம் வாடக்கூடாது. தோட்டத்து மாரியம்மன் துணையால் நீங்கள் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் குறைந்த எடையும் பெற்று வாழ மனதார வாழ்த்தும்,

உங்கள் மாமா,
கந்தப்பன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் சுதர்ஷினி வாங்கிப் படித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு லோஜினியைக் கூப்பிட்டு, "அப்பா ஜீப்புல எங்கடி உக்காருவாரு?" என்று கேட்டாள். இத்தனை நாளில் நானும் ரிஸ்வியும் குழந்தையிடம் கேட்காத கேள்வி அது. லோஜினி எங்களை விசித்திரமாகப் பார்த்தாள். "அப்பா எதுக்கு ஏறணும்? அப்பா நடந்து வருவாரு. நான் அவரு பேக்க மட்டும் ஏத்திக்கிட்டு முன்னால போவேன். பேக்கு எங்கிட்ட இருந்துச்சுன்னா அப்பா திரும்பிப் போக ஏலாதுல்ல?"

பக்கத்தில் நின்ற ரிஸ்வி ஆட்டோ பேட்டரி இரண்டையும் கழற்றினான். முதல் நாள் போட்ட சின்ன பேட்டரியை மாட்டி, சீட்டையும் வைத்தாயிற்று. அவனுக்கு முழுப்பேர் போட்டுவிட்டேன். மெதுவாகத்தான் போகிறது, இதை எழுதும்போது லோஜினி முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். பாண் பாட்டை மாற்றவேண்டாம் என்கிறாள். அதைக் கேட்டால் எல்லாரும் ஓடி வருகிறார்களாம், அப்பாவும் வருவாராம். ஆகவே மேலே எழுதிய எதையும் கணக்கில் எடுக்கவேண்டாம். வயிறாரச் சாப்பிடுங்கள். பெரிய பெட்டி வேண்டாம், சின்னப் பையாக ஒன்று கொண்டுவாருங்கள். அதன் எடையை மட்டும் எழுதி அனுப்புங்கள். நான் ஒன்றும் கழிக்கமாட்டேன்.