யதுகிரியின் பத்திரிகை

மைசூர், தேவராஜ மொஹல்லா
நந்தன வருஷம், ஆவணி மாதம்

பெங்களூரில் ரசாயன ஆராய்ச்சிப் பத்திரிகையின் ஆசிரியராக எழுந்தருளியிருக்கும் ஸ்ரீமான் இராமச்சந்திரன் ஸ்வாமி சமூகத்துக்கு, ரிடையர்டு ஹெட் கிளார்க் திருநாராயணன் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொள்வது. இங்கே அடியேனும், சம்சாரம் குமுதவல்லியும், குமாரத்தி யதுகிரியும் பெருமாள் கடாக்ஷத்தில் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் அகத்தில் எல்லோரும், தங்கள் அச்சாபீஸும் குறைவில்லாமல் இருக்கப் பிரார்த்திக்கிறேன். பத்திரிகை அட்டையில் தங்கள் திருநாமத்தைப் பார்த்து, நம் பாஷை தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்ற தைரியத்தில் தமிழில் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது ஆபீஸ் இங்கிலீஷ். அதில் மனசு விட்டுப் பேச வராது.

போன வாரம் ரிஜிஸ்தர் தபாலில் தங்களுக்கு ஒரு கட்டு வந்திருக்கும். பிரித்தவர்கள் பயந்துபோயிருக்கலாம். பயப்பட வேண்டாம். பதினோராம் பக்கத்தில் சிவப்பாக இருப்பது ரத்தமில்லை, ஆரத்தி.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். யதுகிரி காலேஜில் ரசாயனம் படித்துத் தேறியவள். மஞ்சள் பூசிய காகிதம் சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் சிவக்கிறதல்லவா, அந்தச் சிவப்பை வைத்துக்கொண்டு கிணற்றுத் தண்ணீரில் காரம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஒரு வழி பண்ணியிருக்கிறாள். அந்தக் கட்டுரையைத் தாங்கள் ஏற்றுக்கொண்டால் காலேஜில் அவளுக்கு ஆராய்ச்சி மாணவியாக இடம் உண்டு. இல்லையென்றால் அந்த இடம் வேறொரு பையனுக்குப் போய்விடும். பிறகு கொள்ளேகாலத்திலிருந்து அவள் அத்தை ஜாதகக் கட்டோடு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிடுவாள். அத்தையை எழுப்புவது லேசான காரியமில்லை. இதுதான் சங்கதி. குழந்தை ராப்பகலாக உழைத்தது வீணாகப் போகக்கூடாதே.

ஒரு சிநேகிதி கல்யாணத்துக்கு மேல்கோட்டை போகும்போது யதுகிரி கட்டுரையை என் கையில் கொடுத்து, "அப்பா, இதைத் தபால்ல சேர்த்துடுங்கோ. வேற ஒண்ணும் பண்ணிடாதீங்கோ" என்றாள். நான் ஒன்றும் பண்ணுவதாகத்தான் இல்லை. சும்மா ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். பார்த்தால் என்ன ஸ்வாமி இது, எடுத்த எடுப்பிலேயே "மஞ்சள் இடிக்கப்பட்டது, வடிகட்டப்பட்டது, காணப்பட்டது" என்று இங்கிலீஷில் இருக்கிறது. யாரால் காணப்பட்டது? ஆயுசு பூரா ஃபைல் பார்த்தவன் கேட்கிறேன், பொறுப்பாளி பெயரில்லாத காகிதம் எந்த மேஜையைத் தாண்டும்? சரி, நாமே ஒழுங்கு பண்ணுவோம் என்று என் பழைய டைப் மெஷினை இறக்கி, ஒவ்வொரு பாராவுக்கும் முன்னால் "மிகுந்த வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்ளும் பாக்கியம் பெறுகிறேன்" என்று சேர்த்து அடித்தேன். ஓரிடத்தில் பெண் மனசறிந்து "இந்தச் சோதனை பலிக்கவில்லை" என்று எழுதியிருந்தாள். மேலிடத்துக்குப் போகிற காகிதத்தில் யாராவது இப்படி எழுதுவார்களோ? "மேல் உத்தரவை எதிர்பார்த்து நிலுவையில் உள்ளது" என்று மாற்றினேன். வரிக்கு வரி இடம் விட்டு அடிக்க வேண்டும் என்று தாங்கள் விதி போட்டிருக்கிறீர்களாமே, காகிதம் விற்கிற விலையில் அது நியாயமா? நெருக்கி, இரண்டு பக்கமும் அடித்திருக்கிறேன். தங்களுக்கும் அலமாரியில் இடம் மிச்சம்.

கடைசியில் ஜெர்மனிக்காரர், பிரெஞ்சுக்காரர் பெயரெல்லாம் வரிசையாகப் போட்டிருந்தாள், மொட்டை மொட்டையாக! எந்த தேசத்தவரானால் என்ன, படித்த பெரியவர்கள் இல்லையா? எல்லோருக்கும் ஸ்ரீமான் சேர்த்தேன். ஒருவர் காலமாகிவிட்டார் போலிருந்தது, அவரை ஸ்ரீ வைகுண்டவாசி ஆக்கினேன். கட்டுரையாளர் விவரம் கொடுக்கவும் என்று தங்கள் பத்திரிகையில் கேட்டிருந்ததால் யதுகிரியின் கோத்திரம், நட்சத்திரம், பாதம் எல்லாம் தெளிவாகக் கொடுத்திருக்கிறேன். அதில் குறை சொல்ல இடமிராது.

இவ்வளவு நேர்த்தியாகத் தயார் பண்ணியதை வெறுமே அனுப்புவதா என்று குமுதவல்லி நாலு மூலையிலும் மஞ்சள் தடவினாள். அத்தோடு விட்டாளா? மணையில் கோலம் போட்டுக் கட்டுரையை உட்கார வைத்து, ஆரத்தி கரைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஏண்டி, பொண்ணு ஊர்ல இல்லாதபோது யாருக்கு ஆரத்தி?" என்றேன். "பொண்ணு இல்லாட்டா என்ன, பொண்ணு எழுதினது இருக்கோல்லியோ? நகருங்கோ அந்தண்டை!" என்று அவள் தட்டைச் சுற்ற, நான் நகர, முழங்கை இடித்து, கொட்டிவிட்டது. கொட்டினதும் சரியாகப் பதினோராம் பக்கத்தில். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று பெண் நிரூபிக்கிற பக்கமே அதுதான்! ஆகையால் அதைக் கறை என்று எண்ணாமல், கட்டுரையோடு இணைத்த அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தபாலாபீஸ் போகிற வழியில் தேவராஜா மார்க்கெட்டில் வெற்றிலை வாங்க நின்றேன். அங்கேதான் சனியன் பிடித்தது. பூக்காரி கெம்பம்மா என் கையில் மஞ்சள் தடவிய கட்டைப் பார்த்தாள். "ஏனு ஸ்வாமி, பத்ரிகேயா?" என்றாள். பத்திரிகைக்குத்தானே போகிறது! "ஹௌது கெம்பம்மா, மகள பத்ரிகே", ஆமாம், பெண்ணுடைய பத்திரிகைதான் என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. கன்னடத்திலும் நம் தமிழிலும் கல்யாணத்துக்கு அடிக்கிறதும் பத்திரிகைதான், தாங்கள் நடத்துகிறதும் பத்திரிகைதான் என்பது அந்த நேரம் புத்தியில் படவில்லை. அவள் கண்ணில் ஜலம் தளும்பிவிட்டது. "யாரிகே ஹோகத்தே?" என்று கேட்டாள். யாருக்குப் போகிறதோ அதைத்தானே சொல்ல முடியும்? "பெங்களூர் இராமச்சந்திரன்" என்றேன். போச்சு. பூக்கடை வரிசை பூரா "கண்டு பெங்களூரந்தே!" என்று கூவிவிட்டது. கண்டு என்றால் கன்னடத்தில் மாப்பிள்ளை. நான் மறுக்க வாயெடுப்பதற்குள் கெம்பம்மா கட்டைப் பிடுங்கி, மல்லிகைச் சரத்தை உள்ளே வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். அந்த மனசைப் பார்த்து, கட்டை அப்படியே கொண்டுபோய்த் தபாலில் சேர்த்துவிட்டேன். உள்ளே வாடிக் கிடந்தது அந்தப் பூதான்.

ஆக, தாங்கள் எந்த ஊரோ, என்ன வயசோ, பேரன் பேத்தி எடுத்தவரோ எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாரமாக மைசூரில் தாங்கள்தான் எங்காத்து மாப்பிள்ளை. பால்காரர் முகூர்த்தம் என்றைக்கு என்கிறார். கொள்ளேகாலத்து அத்தை, தன்னைக் கேட்காமல் நிச்சயம் பண்ணிவிட்டோம் என்று கோபித்துக்கொண்டு வரமாட்டேன் என்று எழுதிவிட்டாள். அந்த ஒரு உபகாரத்துக்குத் தங்களுக்கு எத்தனை நமஸ்காரம் பண்ணினாலும் தகும்.

ஸ்வாமி, கையெடுத்துக் கேட்கிறேன். மஞ்சளையும் பூவையும் பார்த்துக் கட்டுரையைத் தள்ளிவிடாதீர்கள். அசடு நான்தான். பெண் கெட்டிக்காரி. அவள் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்து, சிவந்துடுத்து அப்பா, சிவந்துடுத்து என்று குதிக்கும்போது பார்க்க வேண்டும். எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் கூடவே குதிப்பேன்.

தங்கள் பத்திரிகை ஆல்போல் தழைத்து, சந்தா கட்டுகிறவர்கள் பெருகி, அச்சுப்பிழை அண்டாமல் நீடூழி விளங்கப் பெருமாளும் தாயாரும் அனுக்கிரகிக்கட்டும்.

இப்படிக்கு,
அடியேன்,
திருநாராயணன்

பி.கு. உறையை ஒட்டப் போகும் சமயத்தில் யதுகிரி, மேல்கோட்டையிலிருந்து நேரே காலேஜுக்குப் போய்விட்டு, வந்துவிட்டாள். வழியெல்லாம் வாழ்த்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே படித்தாள். பாதியில் சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, உங்ககிட்ட குடுத்தது கார்பன் காப்பி. நிஜத்தைப் போன மாசமே நானே அனுப்பிச்சாச்சு. அவா ஏத்துண்டு இன்னிக்குக் காலேஜுக்குப் பதிலும் வந்துடுத்து" என்றாள். "அப்போ எங்கிட்ட எதுக்குடி குடுத்தே?" என்றேன். "நீங்க ஏதாவது பண்ணாம இருக்கமாட்டேள். பண்றதுக்கு ஒண்ணு வேணுமோல்லியோ?" என்றாள். குமுதவல்லி உள்ளே திருக்கண்ணமுதுக்குப் பாலும் வெல்லமும் ஏற்றிவிட்டாள்.

ஆகையால் நான் அனுப்பிய கட்டைத் தயவுசெய்து வெந்நீரடுப்பில் போட்டுவிடவும். ஒரே ஒரு விண்ணப்பம். நிஜக் கட்டுரையின் கடைசிப் பக்கத்தில், "மொஹல்லாவில் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் சேந்திக்கொண்டு வந்த என் தகப்பனார் திருநாராயணனுக்கு நன்றி" என்று எழுதியிருக்கிறாளாம். நான் திருத்திவிடுவேன் என்று அந்தப் பக்கத்தை மட்டும் என் கண்ணில் காட்டவே இல்லை. இடம் போதாவிட்டால் ஜெர்மனிக்காரரை எடுங்கள், பிரெஞ்சுக்காரரை எடுங்கள், மஞ்சளையே எடுங்கள். அந்த வரியில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள், ஸ்வாமி.